பரணில் விட்ட ஒரு முகவரி

ஜிமெயில் என்ற ஒரே சொல்லை நம் மக்கள் முப்பத்தொரு விதமாகத் தப்பாக அடிக்கிறார்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நான் எண்ணி வைத்திருக்கிறேன். எழுத்தை இடம் மாற்றிப் போடுகிறவர்கள், கடைசியில் ‘காம்’ போட மறக்கிறவர்கள், நடுவில் ஓர் இடைவெளி விடுகிறவர்கள், முகவரி கேட்ட கட்டத்தில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற மகராசன்கள். பதினொரு வருடமாக இதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் வந்து நன்றி சொன்னதில்லை.

நேற்று நீங்கள் விசாரித்தபோது, சாஃப்ட்வேர் செய்த தவறு என்று சொன்னேன். அது பொய். சாஃப்ட்வேர் பாவம், நாம் சொன்னதைத்தான் செய்யும். நடந்ததை நீயே எழுதிக்கொடு என்று பேப்பரும் பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் என்னை அவசரப்படுத்த வேண்டாம். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் குவார்ட்டர்ஸில் தீப்பிடித்து நாகவல்லி என்ற பெண்மணி இறந்துபோனதும், அவர் மகள் நிஷா கைகள் வெந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதும் மட்டும் எழுதினால் நான் ஏதோ கொலைகாரன் மாதிரித் தெரியும். முன்னால் நடந்ததும் தெரிய வேண்டும்.

என் பெயர் கஜபதி. வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் செம்பரம்பாக்கம். அப்பா யார் யார் நிலத்திலோ கூலி வேலை செய்தார். அந்த நிலமெல்லாம் குடோன் ஆன பிறகு அதே இடத்தில் வாட்ச்மேனாக நின்றார். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட் கம்பெனிக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பதினான்கு பேர். மேனேஜர் மைதிலி மேடம்.

எங்கள் வேலை இதுதான். ஒரு கம்பெனி நாற்பதாயிரம் பேரின் மெயில் முகவரியைக் கொண்டுவந்து கொடுக்கும். இவர்களுக்கெல்லாம் எங்கள் விளம்பரத்தை அனுப்புங்கள் என்று சொல்லும். அப்படியே அனுப்பிவிட முடியாது. பாதி முகவரி செத்துப்போனதாக இருக்கும், போன மெயில் திரும்பி வரும். சில முகவரிகள் பொறி. மனிதர்கள் யாரும் அதில் இல்லை, எங்களைப் போன்றவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்திருப்பார்கள். மூன்றாவது ரகம் உயிருள்ள மனிதர்கள். மெயிலைப் பார்த்ததும் இது குப்பை என்று ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போவார்கள். ஆயிரம் பேரில் மூன்று பேர் அமுக்கினால் போதும், பெரிய மெயில் கம்பெனிகள் எங்களை மோசடிக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் அனுப்புகிற எதுவும் யார் கண்ணிலும் படாது. இந்த மூன்று ரகத்தையும் முன்கூட்டியே கண்டுபிடித்து எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. நான் நன்றாகப் பொறுக்குவேன்.

பொறுக்கி எடுத்ததில் மூன்றாவது ரகத்துக்கென்று தனியாக ஒரு ஷீட் உண்டு. ஆபீஸில் அதைப் பரண் என்போம். பரணில் ஒரு முகவரி ஏறிவிட்டால் அது எந்தக் கம்பெனியின் பட்டியலில் வந்தாலும் எங்கள் கையிலிருந்து அதற்கு மெயில் போகாது. ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு. ஒரு கட்டத்தில் டிக் போட்டால் ஏறும், டிக்கை எடுத்தால் இறங்கும். அவ்வளவுதான்.

இனி உலகநாதன்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. இவருடைய முகவரி எப்படியோ ஒரு மனை விற்பவரின் பட்டியலில் வந்துவிட்டது. மாங்காட்டில் மனை, அம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்று வாரத்துக்கு இரண்டு மெயில். வேண்டாம் என்று சொல்ல மெயிலின் அடியில் ஒரு லிங்க் இருக்கும். உலகநாதன் அதை அமுக்கியிருக்கிறார். மறு வாரமும் மெயில் வந்திருக்கிறது. மறுபடி அமுக்கியிருக்கிறார். இப்படி ஒன்பது முறை. அந்த லிங்க் எங்கேயும் போகாது மேடம். அது எனக்குத் தெரியும். மனை விற்பவர் அப்படித்தான் வேண்டும் என்றார், அப்படியே வைத்தேன். எல்லோரும் செய்வதுதான்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? திட்டிவிட்டு அழித்துவிடுவார்கள். இவர் அழிக்கவில்லை. ஒன்பது மெயிலையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றிலும் எது எப்போது வந்தது, தான் எப்போது வேண்டாம் என்று சொன்னேன் என்பதைச் சிவப்புப் பேனாவில் குறித்து, நாங்கள் சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிற கம்பெனியைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுக்கு ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதினார். வாழ்நாள் முழுக்க ‘இது சரியில்லை’ என்று முத்திரை குத்தியே சம்பளம் வாங்கிய மனுஷன், வேறென்ன செய்வார். அவர்கள் எங்கள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது நாள். போன ஜூன் மாதம். பதினான்கு பேரும் ஈ ஓட்டினோம். அந்த மாதம் எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த டீம் லீடர் பொறுப்பு என்னைவிட நான்கு வருடம் ஜூனியரான லாவண்யாவுக்குப் போனது.

பத்தாவது நாள் உலகநாதன் நேரில் வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் அந்தப் பிரிண்ட்டுகளோடு. லிஸ்ட்டெல்லாம் பார்ப்பது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

“ஏன் தம்பி, வேண்டாம்னு ஒரு தடவ சொன்னா ஒனக்குக் கேக்காதா?”

“சார், அது சிஸ்டம் பண்றது. நான் இன்னா பண்ண முடியும்?”

“சிஸ்டமா? அந்த லிங்க்க அமுக்கினா எங்கயும் போவலியே. அத வச்சது ஆரு, சிஸ்டமா? ஊரான் விலாசத்தப் பொறுக்கி வித்து வயிறு கழுவுறதுக்கு ரோட்டுல பேப்பர் பொறுக்குறவன் ஒன்னவிட மேல். அவன் கேட்டுட்டு எடுப்பான்.”

பதினான்கு பேருக்கு முன்னால். டீ கொண்டுவரும் லட்சுமணன் தட்டோடு அப்படியே நின்றார். லாவண்யா திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாய் வராது, அதுதான் என்னுடைய குறை. அவர் போன பிறகு லட்சுமணன் பக்கத்தில் வந்து, “இன்னா கஜா, மூஞ்சி இப்டி செத்துப் போய் கீது? பெரிசு வயித்தெரிச்சல்ல பேசிட்டு போது, உட்டுத் தள்ளு நைனா” என்றார். விட்டுத் தள்ளுவது அவ்வளவு சுலபமா? ரோட்டில் பேப்பர் பொறுக்கியவர் எங்கள் பெரியப்பா. இது உலகநாதனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தெரியாமல் பேசினாலும் பேச்சு பேச்சுதானே.

அன்றே அவரைப் பரணில் ஏற்றினேன். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவரும் அதைத்தானே கேட்டார்.

எட்டு மாதம் கழித்து, பிப்ரவரியில், ஒரு ஸ்கூட்டர் கம்பெனி எங்களிடம் வந்தது. பெயர் உங்கள் ஃபைலில் இருக்கிறது. பேட்டரி ஸ்கூட்டர். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடுகிற வகை. அதில் ஒரு குறிப்பிட்ட வரிசை பேட்டரிகளில் கோளாறு இருப்பதாக அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். பேப்பரில் போட்டால் பேர் கெட்டுவிடும் என்று பயம். போன் நம்பரெல்லாம் டீலர்கள் கையில் இருந்தன, இந்தப் பக்கத்து டீலர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். கம்பெனியிடம் இருந்தது வண்டியைப் பதிவு செய்தபோது கொடுத்த மெயில் முகவரி மட்டும்தான். ஆறாயிரத்துச் சொச்சம். சத்தமில்லாமல் மெயிலில் முடித்துவிடலாம் என்று வந்தார்கள்.

மெயிலில் இருந்தது நான்கு வரி. பேட்டரியை உடனே கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. எங்கள் ஆள் வந்து புதியது மாற்றிக் கொடுப்பார். நான் அதைப் படிக்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். படித்தேன். இரண்டு முறை படித்தேன். ‘அபாயம்’ என்பதில் கால் விட்டுப்போயிருந்தது, நான்தான் திருத்தினேன்.

மைதிலி மேடம் என் மேஜைக்கே வந்து சொன்னார்.

“கஜா, இது விளம்பரம் இல்ல. உயிர் சம்பந்தப்பட்டது. பரணையும் இறக்கிடு. யாரையும் விட வேண்டாம். கம்ப்ளெயின்ட் வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன்.”

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

நான் ஏதோ கடமைக்குச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். செத்த முகவரிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கையால் பார்த்து, எழுத்துப்பிழை என்று தெரிந்ததைத் திருத்தினேன். பூந்தமல்லியில் ஸ்ரீராம் என்று ஒருத்தர், ‘காம்’ போடாமல் விட்டிருந்தார். போட்டேன். அவருக்கு மெயில் போனது, பேட்டரியை மொட்டை மாடியில் வைத்தார், மாற்றியும் வாங்கிவிட்டார். இன்றைக்கு அவர் குடும்பத்தோடு நன்றாக இருப்பதற்கு நான்தான் காரணம். இப்படி நூற்று நாற்பது பேர் இருப்பார்கள். இதை யாரும் எந்த ஃபைலிலும் எழுதவில்லை.

ஸ்கூட்டர் பட்டியலில் இருந்தவர்களில் பரணில் கிடந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். இறக்கினேன். ஒவ்வொரு டிக்காக எடுத்தேன்.

உலகநாதன் முகவரி வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றேன். அது ஒரு தடவை வரவில்லை மேடம், ஏழு தடவை வந்தது. ஒரே முகவரி, பக்கத்தில் ஏழு வெவ்வேறு பெயர்கள். உலகநாதன், நாகவல்லி, ஆனந்தன், சுலோசனா, தமிழரசு, இன்னும் இரண்டு பேர். ஏழு வண்டி எண்கள். அவர் குடியிருக்கிற தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஏழு குடும்பம் சேர்ந்து போனால் விலை குறையும் என்று மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள். மெயில் முகவரி என்ன என்று கேட்டபோது, நம் ஜனங்கள் செய்கிற வேலைதான், ஏழு பேரும் அவருடையதையே கொடுத்திருக்கிறார்கள். அவர்தான் மெயிலெல்லாம் ஒழுங்காகப் பார்ப்பவர் என்று. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதில் வீடியோ பார்க்கத் தெரிகிறது, சொந்தமாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஒரே முகவரி பல தடவை வந்தால் ஒன்றாகச் சேர்ப்பது விதி. சேர்த்தேன். ஒரு வரி மிஞ்சியது. ஏற்கெனவே புகார் கொடுத்தவர். விதிப்படி அபாயமான முகவரி. நான் இறக்கியது அறுபத்திரண்டு.

பெயர்களைப் பார்க்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். மேலே எழுதியிருக்கிறேனே, பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த நேரத்தில் யாரும் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆறாயிரத்தில் ஒரு பேட்டரியோ இரண்டு பேட்டரியோதான் எரியும் என்று அந்தக் கம்பெனிக்காரர்களே பேசிக்கொண்டார்கள். அது சரியாக இந்த ஏழில் ஒன்றாக இருக்கும் என்று யார் கண்டது. அவரே போன் போட்டு, ‘தம்பி, எல்லோருக்கும் மெயில் வந்திருக்கிறதாமே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை’ என்று கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டேன். மனுஷனுக்கு அதுகூட இருக்கக்கூடாதா?

செவ்வாய்க்கிழமை மெயில் போனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. மைதிலி மேடம் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வாரம் போனது. போன் வரவில்லை. எனக்குக் கடுப்பாக இருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலையில், அதாவது பதினோராவது நாள், நானே வண்டியை எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போனேன். சொல்லத்தான் போனேன் மேடம். இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதவேண்டியது என் கடமை.

குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஏழு ஸ்கூட்டரும் வரிசையாக நின்றன. ஒன்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உலகநாதன் பிரேக் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரு, கேபிள்காரத் தம்பியா? மாடியில டிவி ரெண்டு நாளா வரல பாத்துக்கிடுங்க.”

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் இந்த மனிதரின் முகத்தைத் தினம் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, சாப்பிடும்போது. அன்று சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைக் கேபிள்காரன் என்கிறார்.

“இல்ல சார். நான் அம்பத்தூர்லேர்ந்து வரேன். மெயில் கம்பெனி. நீங்க வந்து பேசிட்டுப் போனீங்களே.”

“ஓ, அந்தக் குப்பைக் கம்பெனியா?” என்று சிரித்தார். “இப்பல்லாம் ஒரு சனியனும் வாரதில்ல தம்பி. நிம்மதியா இருக்கு. அன்னைக்கு ஏசினது நல்லதாப் போச்சு பாத்தியளா?”

நல்லதாகப் போயிற்றாம். ‘அன்னைக்கு நானும் கொஞ்சம் கூடப் பேசிட்டேன் தம்பி’ என்று ஒரு வார்த்தை. அது வந்திருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். என் பெற்றோர் மேல் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்காக நின்றேன். அவர் மறுபடி பிரேக் ஒயரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நாகவல்லி வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கோவில்பட்டிக்காரர். புருஷன் வேலையில் இருக்கும்போதே இறந்து, அவர் வேலையை இவருக்குக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டார்.

“தம்பி, சும்மாதான நிக்கிய. இத ரெண்டாவது மாடி வரைக்கும் கொஞ்சம் தூக்கியாந்து தாரியளா? இடுப்பு விட்டுப் போச்சு எனக்கு.”

தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம். கைப்பிடிக்குக் கீழே வரிசை எண் ஒட்டியிருந்தது. மெயிலில் இருந்த வரிசைதான். ஹாலில் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒயரைச் சொருகவும் சொன்னார், அவருக்குக் குனிய முடியவில்லை. சொருகி சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நிஷா கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. ‘தேங்க்ஸ் அங்கிள்’ என்றாள்.

நாகவல்லி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மெயில் அனுப்புகிற கம்பெனி என்றேன்.

“அப்ப நீங்க அண்ணாச்சியத்தான் பாக்கணும். எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பேங்க்கோ, கரண்ட் பில்லோ, பிள்ள ஸ்கூலோ, என்ன வந்தாலும் அவுகளுக்குத்தான் வரும். வந்த அஞ்சாவது நிமிசம் ஏழு வீட்டுக் கதவையும் தட்டிருவாக. ஒறங்க விடமாட்டாக, போங்க.”

மோரைக் குடித்து முடித்தேன். கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டு நன்றாக இருந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கும்போதுகூட, அவர் நிமிர்ந்து ஏதாவது சொல்வார் என்று வண்டியை மெதுவாகத்தான் ஸ்டார்ட் செய்தேன். “டிவி?” என்று மட்டும் கேட்டார். கேலிதான், நான் கேபிள்காரன் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தேனே. வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள். தினமும் காலையில் ஆபீஸுக்குப் போனதும் பரணைத் திறந்து பார்ப்பேன். அந்தக் கட்டத்தில் டிக் இருக்கும். மௌஸை அதன் மேல் வைப்பேன். எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினால் மெயில் போய்விடும், ஐந்தாவது நிமிடம் ஏழு கதவும் தட்டப்படும். நாகவல்லி அம்மா கொடுத்த மோர் ஞாபகம் வரும். உடனே அந்தச் சிரிப்பும் ஞாபகம் வரும். மூடிவிடுவேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். அந்த வாரம் எனக்குச் சரியாகச் சோறே இறங்கவில்லை.

புதன்கிழமை அவருக்கு நான் ஒரு மெயில் எழுதினேன். என் சொந்த முகவரியிலிருந்து, அவருடைய அதே முகவரிக்கு. அதன் பிரிண்ட் உங்கள் மேஜையில் இருப்பதைப் பார்த்தேன். நான்கு பத்தி. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். அன்று பதினான்கு பேர் முன்னால் நீங்கள் பேசியது என் மனதை எவ்வளவு புண்படுத்தியது, என் பதவி எப்படிப் போனது, எங்கள் குடும்பம் எந்த நிலையிலிருந்து மேலே வந்தது, எல்லாம் எழுதினேன். ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் போதும், உங்களுக்கு நான் சொல்லவேண்டிய ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது என்று முடித்தேன். பேட்டரி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு வருத்தம் தெரிவிக்கப்போகிறார்?

மெயில் திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்தது. வியாழன் காலை ஏழு பத்துக்குத் திறந்து படித்திருக்கிறார், அதைப் பார்க்க எங்களிடம் வழி உண்டு. பதில் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி. வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குத் தீப்பிடித்தது. சாப்பிட்டுவிட்டுத் தாயும் மகளும் கட்டிலில் படுத்திருந்தார்கள். பேட்டரி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சார்ஜில் இருந்தது. நிஷாவை ஜன்னல் பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த அம்மா பேட்டரியைக் கையால் இழுத்து வெளியே போட முயன்றிருக்கிறார். மற்றதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். மற்ற ஆறு பேட்டரிகளையும் அன்று சாயங்காலம் உலகநாதன் ஒருத்தரே தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் வைத்தாராம்.

மனுஷன் அதோடு விடவில்லை. பத்து நாளில் அந்தப் பூந்தமல்லி ஸ்ரீராமைக் கண்டுபிடித்து, அவருக்கு வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் தேதியை வட்டம் போட்டு உங்களிடம் கொண்டுவந்தார். நேற்று என்னை உள்ளே கூட்டிவரும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டிலும் தீக்காயக் கட்டு. இப்போது என்னை அடையாளம் தெரிந்தது. வாய்க்கு வந்தபடி ஏசுவார் என்று நினைத்தேன்.

“ஏழு பேரு இருந்தாங்களே தம்பி” என்றார். “எம் மேல கோவம்னா என் வீட்டுக்கு மட்டும் வந்திருக்கலாமே.”

அப்போதும் வருத்தம் தெரிவிக்கவில்லை, கவனித்தீர்களா?

ஆகையால் நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த மெயில் நாகவல்லிக்குப் போகாததற்குக் காரணம் சாஃப்ட்வேர் இல்லை, விதி இல்லை, மைதிலி மேடம் இல்லை. நான்தான். தெரிந்தே நிறுத்தினேன். அந்தப் பேட்டரியை என் கையால் மாடிக்குத் தூக்கிப்போய், அபாயம் என்று தெரிந்தே, அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போட்டேன். பிறகும் எட்டு நாள் சொல்லாமல் இருந்தேன். இதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, என் சுயநினைவோடு எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் மெயிலைப் படித்த பிறகு ஞாயிறு இரண்டரை வரை மூன்றே கால் நாளுக்கு மேல் இருந்தும், ஒரு வரி பதில் போட்டால் ஓர் உயிர் பிழைக்கும் என்ற நிலையில், உலகநாதன் ஏன் சும்மா இருந்தார் என்று அவரையும் கூப்பிட்டு முறைப்படி விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.